சென்னை நிழற்கடிகாரம் கோவைக்கு வந்தால்

சென்னைக்கென்று செய்த பித்தளை நிழற்கடிகாரத்தைக் கோவைக்குத் தூக்கிவந்து மொட்டைமாடியில் வைத்தேன். அன்று டிசம்பர் 25. கைக்கடிகாரத்தில் 12 மணி, நிழலோ 11.38 என்றது. திருப்பிவைத்தால் சரியாகிவிடும் என்று தட்டை மேற்கே திருகினேன். நிழலும் 12-க்கு வந்தது. சித்திரை முதல் நாள் பார்க்கிறேன், பழையபடி இருபது நிமிடத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறது!

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். கோவை 76.96-இல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 22 நிமிட வித்தியாசம். அதைத் திருகிச் சரிசெய்ய முடியாது. சாய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். முக்கோண முள்ளின் சாய்விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்வரைதான் அது கடிகாரம்.

முதலில் வடக்கு. டிசம்பர் 25 அன்று சரியாக 12.22-க்குத் தூக்குக்குண்டு நூலின் நிழல் விழும் இடத்தில் கோடு போடுங்கள். அதுதான் கோவையின் வடக்கு தெற்கு. ஏப்ரலில் முயலாதீர்கள், சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும், நிழலே இருக்காது.

அடுத்து அட்சரேகை. சென்னைக்கு 13.08, கோவைக்கு 11.02. முள் 2 டிகிரி தாழ வேண்டும். என் தட்டு 30 செ.மீ. சதுரம், தெற்கு விளிம்பின் கீழ் 11 மி.மீ. ஆப்பு வைத்தேன்.

இனி அந்த 22 நிமிடம். மேற்கு விளிம்பை 29 மி.மீ. உயர்த்தி, தட்டைக் கிழக்கே சாயவிடுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. சாய்த்ததும் முள்ளின் நுனி ஏறக்குறைய ஒரு டிகிரி கிழக்கே விலகிவிடும். தூக்குக்குண்டை முள்ளின் நுனியிலிருந்தும் அடியிலிருந்தும் இறக்கிப் பாருங்கள். இரண்டும் அந்தக் கோட்டின்மேல் விழும்வரை தட்டை மெல்ல மேற்கே நகர்த்துங்கள். எனக்கு இதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. தேக்கு ஆப்புகளை ஈரத்தில் விட்டால் ஊதிவிடும், வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

கடிகாரம் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. மழைத்தண்ணீர் வழிவதற்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் நவம்பர் 3 வாக்கில் நிழல் 16 நிமிடம் முந்தும். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தும். பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சாய்வும் செய்கிற வேலை அது. அதற்கு ஆப்பு கிடையாது. மாதவாரியாக ஓர் அட்டவணை எழுதித் தூணில் ஒட்டியிருக்கிறேன்.