சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: வாசிக்கத் தவறுவதால் நேரும் பிழைகள்

கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களுக்கு அருகே இருக்கிறது இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874 இல் நமது நாட்டில் சட்டக் கல்விக்கென ஒரு சபை அமைக்கப்பட்ட நாள் தொட்டு, சட்டத்தரணியாவதற்கான பாதை அதன் வழியாகவே செல்கிறது. அதில் சேர்வதற்கான நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர் சிலருடன் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் வெள்ளவத்தையில் அமர்ந்து படித்து வருகிறேன். திறமையும் உழைப்பும் இருந்தும் தவறிப்போனவர்களின் விடைகளையும் விண்ணப்பங்களையும் திரும்பப் பார்க்கும்போது, அறிவுக் குறைவால் நேர்ந்த பிழைகளைவிட, எதிரே இருந்த வாக்கியத்தை முழுமையாக வாசிக்காததால் நேர்ந்தவையே அதிகமாகத் தெரிகின்றன. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதற் குழப்பம் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குகிறது. சட்டக் கல்லூரியும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பீடமும் ஒன்றென்று எண்ணும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். சட்டப் பீடத்துக்கான தெரிவு, உயர்தரப் பெறுபேற்றின் இசற் புள்ளியை (Z-score) கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக நடைபெறுகிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டத்துக்குத் தனியான தெரிவுப் பரீட்சை உண்டு. சட்டக் கல்லூரிக்கு வருடாந்தப் பொது நுழைவுப் பரீட்சை உண்டு. உயர்தரத்தில் எத்துறையில் படித்தவரும் அதற்குத் தோற்றலாம் என்பதால், விஞ்ஞானப் பிரிவிலோ வர்த்தகப் பிரிவிலோ படித்த பிள்ளை தனக்கு இந்த வாசல் இல்லையென்று ஒதுங்க வேண்டியதில்லை. இசற் புள்ளி குறைந்துவிட்டதென்று வீட்டில் அழுதுகொண்டிருந்த ஒரு மாணவிக்கு, இப்படியொரு பரீட்சை இருப்பதே இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. பாடசாலைகளில் இதனை முன்னரே சொல்லிவைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது தகைமை. பதினேழு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். உயர்தரத்தில் மூன்று பாடங்களில் ஒரே அமர்வில் சித்தி வேண்டும். சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் தமிழ் அல்லது சிங்கள மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தியும் வேண்டும். பிள்ளைகள் இடறுவது இந்தக் கடைசிச் சொல்லில்தான். ஒரு நாள் மாணவி ஒருத்தி பிளாஸ்டிக் உறையிலிருந்து பெறுபேற்றுத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். தமிழுக்கு ஏ, வரலாற்றுக்கு ஏ, சமயத்துக்கு ஏ. ஆங்கிலத்துக்கு நேரே எஸ். “ஆங்கிலம் பாஸ் தானே, சேர்?” என்றாள். பாஸ் தான், ஆனால் எஸ் என்பது சாதாரண சித்தி, கேட்கப்பட்டிருப்பதோ சி என்னும் திறமைச் சித்தி. பொது அறிவு வகுப்புக்கென்று எட்டு மாதங்கள் பணம் கட்டியிருந்த அவளிடம், அந்த எழுத்தின் பொருளை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சாதாரண தரத்தில் அந்த ஒரு பாடத்தை மீண்டும் எழுதித் திறமைச் சித்தி பெற்றுக்கொள்ள அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு பிடித்தது. ஆகவே வகுப்பில் சேர்வதற்கு முன்னர், அந்த ஆண்டுக்குரிய அறிவித்தலை ஒரு கையிலும் பெறுபேற்றுத் தாளை மறு கையிலும் வைத்துக்கொண்டு, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். அண்ணனோ அக்காவோ எழுதிய ஆண்டில் இருந்த நிபந்தனையை நம்பியிருக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் பெயர் எழுதுவதும் நமக்குரிய ஒரு தொல்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும், அடையாள அட்டையில் அதன் முதலெழுத்து மட்டும் நிற்கும், சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறொன்றாக இருக்கும். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் இதனைத் திருத்த ஓடுவதால் பயனில்லை. மாதங்களுக்கு முன்னரே ஆவணங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, வேறுபாடு இருந்தால் பதிவாளர் அலுவலகத்திலோ பரீட்சைத் திணைக்களத்திலோ திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி ஆயத்தம். ஆர்வமுள்ள மாணவர் செய்யும் பெரிய தவறு, சட்டப் புத்தகங்களை வாங்கி மனனம் செய்வது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையையும் 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தையும் சட்டக் கல்லூரிக்குள் சென்ற பின்னர் மூன்று ஆண்டுகள் படிக்கத்தான் போகிறோம். நுழைவுப் பரீட்சை சோதிப்பது மொழித்திறனையும், பொது அறிவையும், நுண்ணறிவையுமே. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியன நமது சட்ட முறைமையில் உரோம டச்சுச் சட்டத்தோடு இணைந்து நிற்கின்றன என்று தெரிந்திருப்பது பொது அறிவு. தேசவழமையின் ஒவ்வொரு பிரிவையும் ஒப்புவிப்பது இந்தப் பரீட்சைக்கு வேண்டாத உழைப்பு.

தமிழ் மொழிமூல மாணவருக்கு மட்டுமே உரிய ஒரு பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் பயிற்சி நூல்களும் காணொளிகளும் தேடும்போது தமிழ்நாட்டின் போட்டித் தேர்வுகளுக்காக ஆக்கப்பட்டவையே முதலில் கிடைக்கின்றன. நுண்ணறிவுப் பயிற்சிக்கு அவை நன்றாக உதவும். அரசியலமைப்பும் நீதித்துறையும் என்று வரும்போது அவையே நம்மை வழிதவற வைக்கும், ஏனெனில் ஒரே தமிழ்ச் சொல் பாக்குநீரிணைக்கு அங்கே ஒன்றையும் இங்கே வேறொன்றையும் குறிக்கிறது. அங்கே உயர் நீதிமன்றம் என்றால் சென்னையிலும் மதுரையிலும் இருப்பது. அதற்கு மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இங்கே உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம், பின்னர் மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் வருகின்றன. “மேல்” என்ற சொல்லைக் கண்டதும் அதுவே உச்சியில் உள்ளதென்று விடையளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லோடு இது நிற்பதில்லை, சட்டமே வேறுபடுகிறது. இந்தியாவில் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம், மாநில உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். இலங்கையில் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அதனை விசாரிக்கும் அதிகாரம், அதாவது நியாயாதிக்கம், உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது; மனுவை ஒரு மாத காலத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு நூலைப் படித்துவிட்டு வருபவர் “இரண்டும் சரி” என்ற விடையை நம்பிக்கையோடு தெரிவு செய்வார். நீதித்துறை, அரசியலமைப்பு, அரச நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு நமது பாராளுமன்றம் வெளியிட்டுள்ள அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியையே கையில் வைத்திருங்கள். சட்டமா அதிபர், ஆணைக்குழு, உறுப்புரை, வர்த்தமானி போன்ற சொற்கள் அதில் பழகிவிட்டால், வினாத்தாளில் அவற்றைக் கண்டு திகைக்க நேராது.

அந்தப் பிரதியும் புதியதாக இருக்க வேண்டும். ஒளிப்படப் பிரதியாகக் கைமாறி வரும் குறிப்புகளில், உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசரோடு சேர்த்துப் பதினொரு நீதியரசர்கள் வரை இருக்கலாம் என்று இன்னும் எழுதியிருக்கிறது. 2020 இல் நிறைவேறிய 20 ஆவது திருத்தத்தோடு அந்த எண் 17 ஆக உயர்ந்துவிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 20 ஆனது. திருத்தங்களின் இலக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 2022 ஒக்டோபரில் 22 ஆவது திருத்தச் சட்டமூலம் என்று பத்திரிகைகள் எழுதியது, நிறைவேறியபோது 21 ஆவது திருத்தமாகியது. பத்திரிகைச் செய்தியை மட்டும் வெட்டி ஒட்டி வைத்திருந்தவர்கள் அந்த இலக்கத்தில் பிழைவிட வாய்ப்பிருக்கிறது. மொழி பற்றிய உறுப்புரைகளும் அப்படித்தான். சிங்களம் அரசகரும மொழி, தமிழும் ஓர் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்பது 18 ஆம் உறுப்புரை. சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள் என்பது 19 ஆம் உறுப்புரை. 18 இல் தமிழுக்கு அந்த இடம் 1987 இன் 13 ஆவது திருத்தத்தால் வந்தது. நமது சொந்த மொழியின் சட்ட நிலையைச் சொல்லும் வரிகளையாவது மூல நூலில் ஒருமுறை வாசித்திருக்க வேண்டும் என்று மாணவரிடம் எப்போதும் வற்புறுத்துவேன்.

மொழித்திறன் வினாத்தாளைத் தாய்மொழிதானே என்று கடைசிக்கு ஒதுக்குவது இன்னொரு தவறு. பேச்சில் நாம் கவனியாமல் விடும் சிறிய விகுதிகள் சட்ட வாசகத்தில் பெரிய பாரம் சுமக்கின்றன. “பதினெட்டு வயது நிரம்பியவரும் இலங்கைப் பிரஜையும் ஆன ஒருவர்” என்றால் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். “நிரம்பியவரோ பிரஜையோ” என்றால் ஒன்று போதும். “எல்லா வழக்குகளும் தீர்க்கப்படவில்லை” என்ற வாக்கியத்தைக் கொடுத்து, அதிலிருந்து எதனை முடிவுசெய்யலாம் என்று கேட்டால், ஒரு வழக்கும் தீரவில்லை என்று எடுப்பவரும் உண்டு, சில தீர்ந்தன சில தீரவில்லை என்று எடுப்பவரும் உண்டு. பத்தியின் மற்ற வரிகளைப் பாராமல் எதனையும் எடுக்கக் கூடாது. தினமும் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து, அதன் சாரத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதிப் பழகுங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் அமர்ந்து இதனை மூன்று மாதங்கள் விடாமல் செய்த ஒரு மாணவனின் வாசிப்பில் ஏற்பட்ட மாற்றத்தை நான் அருகிருந்து கண்டேன்.

ஆங்கிலத்தைக் கைவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது உண்மை. அதில் நாம் மகிழ்ந்ததும் நியாயமே. ஆனாலும் தீர்ப்புகளின் அறிக்கைத் தொகுதிகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தமிழில் பரீட்சை எழுதும் உரிமையைக் கேட்டு நிற்கும் நாம், ஆங்கிலத் தீர்ப்பொன்றை வாசித்து விளங்கும் ஆற்றலையும் சேர்த்தே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

நுண்ணறிவில் நேரமே முதல் எதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். என் பார்வையில் அவசரமே எதிரி. உறவுமுறை வினா ஒன்றைப் பாருங்கள்: “ரவியின் தந்தையின் ஒரே மகளின் மகன் ரவிக்கு என்ன முறை?” தந்தை, மகள், மகன் என்று மனத்தில் இறங்கி வந்தவர் “பேரன்” என்று அடையாளமிடுவார். பேரன் என்பது தந்தைக்கு, கேட்டது ரவிக்கு. தந்தையின் ஒரே மகள் ரவியின் சகோதரி, அவளுடைய மகன் ரவிக்கு மருமகன். தாளின் ஓரத்தில் மூன்று கோடுகள் வரைந்திருந்தால் பத்து விநாடியில் தெளிந்திருக்கும். எண் தொடர், குறியீட்டு மொழி, திசை அறிதல் ஆகியவற்றிலும் இதே பழக்கம் காக்கும்: விடையைக் குறிக்குமுன் வினாவின் கடைசிச் சொல்லை மீண்டும் ஒருமுறை வாசிப்பது. கடந்தகால வினாத்தாள்களை வீட்டில் செய்யும்போது கடிகாரத்தை முன்னால் வைத்துச் செய்யுங்கள். பிழைத்த வினாவுக்குப் பக்கத்தில், தெரியாமல் பிழைத்ததா வாசிக்காமல் பிழைத்ததா என்று குறித்து வையுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

எதிர்பார்க்கை வினாக்கள் என்று விற்கப்படும் தொகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு தனியார் வகுப்பு தந்த அத்தகைய தொகுப்பை நம்பி, கடைசி ஆறு வாரங்களை இழந்து, அந்த முறை தவறினேன்.

பரீட்சை நாளுக்கு முதல் நாள் மண்டபத்தை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். காலை வேளையில் காலி வீதியில் பஸ் நகரும் வேகம் கொழும்பில் இருப்பவருக்கே தெரியும், மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வருபவர் முதல் நாளே வந்து தங்குவது நல்லது. அனுமதி அட்டையில் கையொப்பத்தை உறுதிப்படுத்துமாறு கேட்டிருந்தால் அதனைச் சமாதான நீதவானிடமோ அதிபரிடமோ முன்னரே செய்து முடியுங்கள். மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வந்ததும் சுட்டெண்ணை எழுதிவிட்டு, முதல் வினாவுக்குத் தாவாமல், மேலே அச்சிட்டிருக்கும் அறிவுறுத்தல்களை முதலாவது வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள். ஆங்கிலத்தில் எஸ் பெற்றிருந்த அந்த மாணவி, திறமைச் சித்தி பெற்ற பின்னர் நுழைவுப் பரீட்சை மண்டபத்தில் அந்த அறிவுறுத்தல்களை விரலை வைத்து வரி வரியாக வாசித்ததாகச் சொன்னாள். இப்போது அவள் புதுக்கடையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.