தைராய்டு மாத்திரையும் எலும்பும்: பலரும் செய்யும் தவறுகள்

லேப் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.05. "போன தடவை 9 இருந்துச்சு, இப்ப நல்லா குறைஞ்சிருச்சு" என்று நிம்மதியாக அதை மடித்து வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சர்க்கரை, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண் குறைந்தாலே நல்லதாகத்தான் தெரியும். தைராய்டில் கணக்கு தலைகீழ். டி.எஸ்.எச். என்பது தைராய்டு ஹார்மோன் அல்ல. 'இன்னும் சுர' என்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. உடம்பில் ஹார்மோன் மிதமிஞ்சினால் அந்த உத்தரவு ஏறக்குறைய நின்றுபோகும். அந்த ஹார்மோனைத்தான் தைராய்டு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடுபவருக்கு டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே போனால், பெரும்பாலும் டோஸ் அதிகம் என்று அர்த்தம்.

அதற்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படும் உறுப்பு. ஒரு வகை செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும். இன்னொரு வகை அந்தக் குழியை நிரப்பும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 200 நாள். ஹார்மோன் கூடினால் இது பாதியாகச் சுருங்கிவிடும். கரைப்பது சீக்கிரம் முடியும், நிரப்புவதற்குத்தான் நேரம் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி மிஞ்சும். ஹைப்பர்தைராய்டில், அதாவது தைராய்டு ஹார்மோன் மிதமிஞ்சும் நோயில், இறந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் பூச்சி அரித்தது போல இருந்ததை ஜெர்மானிய மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 1891லேயே பதிவு செய்திருக்கிறார்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இரட்டை அடி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து ஏற்கெனவே எலும்பு தேய்கிற வயது. மேலே டோஸும் கூடினால் இடுப்பு எலும்பு முறியும் அபாயம் ஏறும். ஆனாலும் நாலு வருஷத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டி, அதே 100 மைக்ரோகிராம் டப்பாவை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். வயது கூடும்போதும் எடை குறையும்போதும் தேவை குறையலாம். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் ஒரு டெஸ்ட், நிலைப்பட்ட பிறகு வருஷத்துக்கு ஒன்றாவது வேண்டும். உடம்பு இளைக்கும் என்று தானாகவே ஒரு மாத்திரை கூடப் போடுவது, என்னைக் கேட்டால், இதில் இருப்பதிலேயே மோசமான தவறு.

இதன் மறுபக்கமும் உண்டு. 'தைராய்டு மாத்திரை எலும்பை அரிக்குமாம்' என்று கேள்விப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். அளவு சரியாக இருந்தால் மாத்திரை எலும்பைக் கெடுப்பதில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்த சிலருக்கு டி.எஸ்.எச்.ஐ டாக்டரே வேண்டுமென்று தாழ்த்தி வைத்திருப்பார். அவர்கள் எண்ணைப் பார்த்துப் பயந்து டோஸைக் குறைக்கக் கூடாது.

காலையில் தைராய்டு மாத்திரை, கூடவே 'எலும்புக்கு நல்லது' என்று கால்சியம், பத்து நிமிஷத்தில் ஃபில்டர் காபி. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கால்சியத்துக்கு 4 மணி நேர இடைவெளி. மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் மறக்காது.

குழந்தைகள் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. வகுப்பில் எல்லோரும் வளர்ந்தும் பிள்ளையின் போன வருஷ யூனிஃபார்ம் இன்னும் சரியாக இருக்கிறதென்றால், 'அப்பா மாதிரி குள்ளம்' என்று சொல்லி ஹெல்த் டிரிங்க் வாங்குவார்கள். எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு வேலை செய்ய தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் உயரம் நின்று, எடை மட்டும் கூடும். இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் 10 வயதுப் பிள்ளையின் எலும்பு 7 வயதுப் பிள்ளையுடையது போலத் தெரியலாம். வளர்ச்சித் தட்டு மூடுவதற்குள் சிகிச்சை தொடங்கினால் விட்ட உயரத்தில் பெரும்பகுதியை எட்டிப்பிடிக்க முடியும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ரத்தம் எடுப்பதை 'பச்சைக் குழந்தையைக் குத்துவானேன்' என்று மறுக்காதீர்கள். பிறவியிலேயே உள்ள தைராய்டு குறைபாட்டை அப்போது தவறவிட்டால் மூளை வளர்ச்சியும் பாதிக்கும்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதை டாக்டரிடம் சொல்லி, குறைந்தது 2 நாள் நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதை நம்பி, சரியாக இருக்கும் டோஸைக் குறைத்துவிடுவார்கள்.