பீட்டாடின் போடுவது எப்படி: காயத்துக்கு ஒரு பாட்டில், வாய்க்கு வேறு பாட்டில்

ஆலங்குளம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் பீடி சுற்றும் வீடுகள், வாழைத் தோட்டங்கள், பனங்காடு. இலை வெட்டுகிற கத்தரி விரலைப் பதம் பார்த்திருக்கும், பனங்கருக்கு கெண்டைக்காலைக் கீறியிருக்கும். வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, பீட்டாடின் ஒண்ணு கொடுங்க."

"காயத்துக்கா, வாய்க்கா?" என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கு எரிச்சல் வரும். ஒரு ஆச்சி, பேரன் காலில் போட வாங்கிய மருந்திலேயே தண்ணீர் கலந்து இரண்டு நாள் தொண்டைக்குக் கொப்பளித்துவிட்டு, "வாயெல்லாம் வெந்த மாதிரி இருக்குய்யா" என்று வந்து நின்றார். அன்றிலிருந்து கேட்காமல் கொடுப்பதில்லை.

பீட்டாடின் என்பது கம்பெனி வைத்த பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் போவிடோன் அயோடின். பழைய டிங்சர் அயோடின் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். 1955-ல் அமெரிக்காவில் அயோடினை ஒரு பாலிமரோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்தார்கள். எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. அந்தப் பழுப்பு நிறம்தான் அயோடின். நிறம் இருக்கிற வரைக்கும் மருந்து வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லேபிளைப் பாருங்கள். 5 அல்லது 10 சதவீதம் என்று போட்டிருக்கும் சொல்யூஷனும், டியூபில் வரும் களிம்பும் தோலுக்கு. 7.5 சதவீத ஸ்க்ரப்பில் சோப்பு கலந்திருக்கும். அது ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் கை கழுவுவதற்கு, வீட்டுக்கு வேண்டாம். வாய்க்கு என்றால் 'கார்கிள்' என்று எழுதியிருக்க வேண்டும், பெரும்பாலும் 2 சதவீதம். எல்லாமே ஒரே பழுப்பு நிறம் என்பதால்தான் இத்தனை குழப்பம். காலாவதித் தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இனி தோல். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, காயத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள். மண்ணும் தூசியும் உள்ளே இருக்கும்போது மேலே எவ்வளவு மருந்து ஊற்றியும் பிரயோசனம் இல்லை. ஏற்கெனவே காப்பித்தூளோ சுண்ணாம்போ அப்பியிருந்தால் அதையும் கழுவி எடுக்க வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரம் இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். மருந்தைக் காயத்தில் நேராக ஊற்றாமல், பாட்டில் வாய் எதிலும் படாதபடி காஸ் துணியில் (கட்டுப் போடுகிற வலைத்துணி) கொஞ்சம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுங்கள். பஞ்சு வேண்டாம், இழை இழையாக ஒட்டிக்கொள்ளும். தடவியபின் இரண்டு நிமிடமாவது அப்படியே காய விடுங்கள். வாயால் ஊதக் கூடாது. வாயில் இல்லாத கிருமியா?

காய விடச் சொல்வதற்கு என் காலே சாட்சி. சைக்கிளில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது, நிறையப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று மருந்து சொட்டச் சொட்டத் துணியை இறுக்கிக் கட்டினேன். மறுநாள் அவிழ்த்தால் காயத்தைச் சுற்றி நல்ல தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. ஈரமாகத் தேங்கி நின்றால் இந்த மருந்தே தோலைப் புண்ணாக்கும். ஆகவே காய்ந்தபிறகு தளர்வாகக் கட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, இரண்டு மூன்று நாள் போதும். அதன் மேல் மஞ்சள் அப்புவது, நுரைக்கிற பெராக்சைடு ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

உடைமுள் ஆழமாக ஏறியது, துருப்பிடித்த கம்பி குத்தியது, சர்க்கரைக்காரர் காலில் வந்த புண், பெரிய தீக்காயம் இதெல்லாம் வீட்டு வைத்தியம் இல்லை. டெட்டனஸ் ஊசியையும் சேர்த்து டாக்டரிடம் கேளுங்கள். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, இந்த மருந்தைத் தடவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி தூரம் என்று தள்ளிப்போடாதீர்கள், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இந்த பாட்டில் மருந்தைக் கண்ணிலும் காதிலும் விடவே கூடாது.

வாய்க்கு வருவோம். மூடியில் 10 மில்லி கார்கிள், அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர். தலையை அண்ணாந்து, தொண்டையில் 'கரகர' என்று 30 விநாடி கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்கக் கூடாது. உடனே தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இரும்பை நக்கிய மாதிரி ஒரு ருசி நிற்கும், பயப்பட வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களுக்குத் துப்பத் தெரியாது. பல் பிடுங்கிய அன்று கொப்பளித்தால் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்துவிடும். ஒரு நாள் கழித்து, டாக்டர் சொன்னபடி. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். சாதாரணத் தொண்டைக் கரகரப்புக்கு இதெல்லாம் எதற்கு, உப்புத் தண்ணீரே போதும் என்பது என் கட்சி.

தைராய்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் கேட்காமல் போட வேண்டாம். 10 சதவீத சொல்யூஷன் ஒரு மில்லியில் சுமார் 10 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். பெரிய புண், பச்சைப் பிள்ளையின் தோல், வாய் இவற்றின் வழியாக அது ரத்தத்தில் கலக்கும். பிள்ளையின் தொப்புளில் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களை டாக்டரிடம்தான் அனுப்புகிறேன். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு, இறாலில் ஒவ்வாமை தருவது அதன் புரதம், அயோடின் இல்லை. ஆனால் இந்த மருந்தே முன்பு அரிப்பு, தடிப்பு தந்திருந்தால் தொடாதீர்கள்.

கடைசியாக, கறை. சாதாரணத் துணியில் பட்டால் சோப்பில் போய்விடும். கஞ்சி போட்ட வேட்டியில் பட்டால் கருநீலமாகிவிடும், பார்த்துப் பதறுவார்கள். அயோடின் கஞ்சியைச் சந்தித்தால் அப்படித்தான். எலுமிச்சம்பழத்தை வெட்டி அந்த இடத்தில் தேய்த்தால் கண் முன்னாலேயே வெளுக்கும், பிறகு அலசினால் சரி. அந்த எலுமிச்சையைக் காயத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கேயும் நிறம் வெளுத்து மருந்து செத்துப்போகும்.