டிரெய்லரில் ஏற்றும் பாய்மரப் படகைக் குளிர்காலம் முழுவதும் வீட்டிலேயே பாதுகாப்பது எப்படி?

டிரெய்லரில் ஏற்றக்கூடிய சிறிய பாய்மரப் படகை வைத்திருப்போருக்குள்ள பெரிய வசதி, பருவம் முடிந்ததும் படகுத்துறைக்கு வாடகை கட்டாமல் அதை வீட்டு முற்றத்துக்கே இழுத்து வந்துவிடலாம் என்பதுதான். ஆனால் முற்றத்தில் நிறுத்தி, ஒரு தார்ப்பாயைப் போர்த்தினால் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு, வசந்தத்தில் பூஞ்சை நாற்றமும் விரிசல் கண்ட எஞ்சினும் காத்திருக்கும். இந்தச் சேதத்துக்குக் காரணம் பெரும்பாலும் படகுக்குள் தங்கிவிட்ட நீரே. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. மூடிய இடத்தில் நிகழும் அந்த விரிவை அலுமினிய வார்ப்பும் தாங்காது, கண்ணாடியிழையும் தாங்காது. ஆகவே ஒவ்வொரு படியிலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே தண்ணீர் தேங்குமா, தேங்கினால் எந்த வழியாக வெளியேறும்?

முதல் படி: கழுவுதலும் இறக்குதலும்

உப்புநீரில் ஓடிய படகானால் உள்ளும் புறமும் நன்னீரால் கழுவுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புப் படிந்த மெத்தையோ கயிறோ முழுமையாக உலர்வதே இல்லை. அடிப்பகுதியில் ஒட்டிய பாசியை ஈரமாக இருக்கும்போதே தேய்த்து எடுத்துவிட்டால் பாதி உழைப்பு மிச்சமாகும்.

பாய்மரத்தைச் சாய்த்து இறக்குவதற்கு முன் தலைக்கு மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டு உயிர் போன விபத்துகள் உண்டு என்பதால், இதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். இறக்கிய பிறகு, அதை இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்களைப் பெரிய வளையங்களாகச் சுருட்டி, எந்த வடம் எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுதிக் கட்டுங்கள். சுருட்டும்போதே, வடம் முனைப்பொருத்துக்குள் நுழையும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் இழை சிக்கினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது, அந்த வடத்தை மாற்றியாக வேண்டும்.

பாய்களை நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். துவைக்கும் இயந்திரத்தில் போட வேண்டாம்; துணியின் விறைப்பு போய்விடும். மெத்தைகள், உயிர்காப்பு அங்கிகள், உணவுப் பொருள்கள், அடுப்பு எரிவாயுக் குப்பிகள், கழற்றக்கூடிய மின்னணுக் கருவிகள் ஆகிய அனைத்தையும் இறக்கிவிடுங்கள். எரிவாயுக் குப்பிகளை மட்டும் வீட்டுக்குள் கொண்டுசெல்லாமல் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் வைக்க வேண்டும். மறந்துபோன ஒரு பிஸ்கட் பொட்டலம் போதும், எலிகள் குடும்பத்தோடு குடியேறிவிடும்.

இரண்டாம் படி: எஞ்சின்

அவசரம் கூடாத இடம் இது. படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினின் நீர் உறிஞ்சும் துளைகளில் குழாய் இணைப்பைப் பொருத்தியோ, கீழ்ப்பகுதியை ஒரு பெரிய தொட்டி நீரில் மூழ்கவைத்தோ, நன்னீரில் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். நீரின்றி ஒருபோதும் இயக்கக் கூடாது. உள்ளே நீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். கார்புரேட்டர் உள்ள எஞ்சினானால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை விடுங்கள். கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து பிசினாக மாறி, நுண்துளைகளை அடைத்துவிடும். வசந்தத்தில் கிளம்ப மறுக்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான் என்பது என் கணிப்பு. தொட்டியில் பெட்ரோலை விட்டுவைப்பதானால், எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைக் கடைசி ஓட்டத்துக்கு முன்பே அதில் கலந்துவிடுங்கள்.

அடுத்தது கியர் ஆயில். கீழ்த் திருகை மெதுவாகத் தளர்த்தி, முதலில் எது வடிகிறது என்று கூர்ந்து பாருங்கள். நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே நீர் புகுந்திருந்தால் அதுவே முன்னதாகச் சொட்டும். எண்ணெயோடு கலந்துவிட்டிருந்தால் பாலூற்றிய காப்பியின் நிறத்தில் வரும். அப்படி வந்தால் அச்சுத்தண்டின் ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் குளிருக்குள் போனால், உறையும் நீர் கியர்ப்பெட்டியையே பிளந்துவிடக்கூடும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே அழுத்தி ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் இரண்டு திருகுகளையும் முடுக்குங்கள். நான்கு வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சினானால் எஞ்சின் ஆயிலையும் இப்போதே மாற்றுங்கள், ஏனெனில் பயன்படுத்திய எண்ணெயில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் குளிர்காலம் முழுவதும் உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

கழற்றக்கூடிய எஞ்சினை நிமிர்ந்த நிலையில் ஒரு தாங்கியில் மாட்டி வையுங்கள். படகிலேயே விடுவதானால் மேலே தூக்கி வைக்காமல் செங்குத்தாக இறக்கிவிடுங்கள்; தூக்கிய நிலையில் மழைநீர் சுழலியின் நடுத்துவாரத்தில் தேங்கி உறையும்.

மூன்றாம் படி: குழாய்களும் பேட்டரியும்

நன்னீர்த் தொட்டியை முழுவதும் வடித்து, கைப்பம்பை அடித்து குழாயில் எஞ்சியதையும் வெளியேற்றுங்கள். வடியாத வளைவுகள் இருந்தால், குடிநீர்க் குழாய்களுக்கென விற்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பியை ஊற்றலாம். கார் ரேடியேட்டர்களுக்கான எத்திலீன் கிளைக்கால் நச்சு. அதைப் படகுக் குழாய்களில் ஊற்றவே கூடாது.

பேட்டரியைக் கழற்றி, முழுவதும் மின்னேற்றி வையுங்கள். முழுமையாக ஏற்றிய ஈய-அமில பேட்டரி, இணைப்புகளைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வில் விட்ட பின் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். அது கடுங்குளிரிலும் உறையாது. வெறுமையான பேட்டரியின் திரவமோ பெரும்பாலும் நீராகவே இருப்பதால் எளிதில் உறைந்து, பேட்டரியின் வெளிப்பெட்டியை உடைத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைப் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே மின்னேற்ற வேண்டாம்.

நான்காம் படி: டிரெய்லரை நிறுத்துதல்

டிரெய்லரின் முன்புறத்தை உயர்த்தி, நீர் முழுவதும் படகின் பின்பக்கம் ஓடும்படி நிறுத்துங்கள். பின்புற வடிகால் அடைப்பானைக் கழற்றி, சுக்கான் பிடியில் கண்ணில் படும்படி கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு உட்காரும் பள்ளத்தில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். அது தேங்காமல் ஓடி மறைந்தால் சாய்வு சரி. சாய்வு அமைந்ததும் முன்சக்கரத்தை மட்டும் நம்பாமல், இழுவைத் தண்டின் அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கிவிடுங்கள்.

கைப்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பிடித்தபடியே இருந்தால் அது துருவேறி ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைப்பதே போதுமானது. அச்சுக்கு அருகே சட்டத்தின் கீழ் ஸ்டாண்டுகளைக் கொடுத்து டயர்களின் சுமையைக் குறையுங்கள். சக்கர பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ் போடுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போடுவோர் பலர். படகை நீரில் இறக்கியபோது உள்ளே புகுந்த நீர் அத்தனை மாதமும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும் என்பதால், இந்த வேலையைக் குளிருக்கு முன் முடிப்பதே சரி.

ஏற்றி இறக்கும் அடித்தகடு உள்ள படகானால், அதை டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தின்மேல் வைத்த மரக்கட்டையில் அமரவிட்டு, தூக்கும் கம்பிவடத்தின் இழுவிசையைத் தளர்த்துங்கள்.

ஐந்தாம் படி: போர்வை

படகைக் காப்பதும் கெடுப்பதும் இந்தத் தார்ப்பாய்தான். தட்டையாக விரித்த பாயில் முதல் மழையிலேயே குளம் கட்டும். குளத்தின் மேல் பனி விழுந்தால் பல நூறு கிலோ எடை மேல்தளத்தில் ஏறும். ஆகவே கூரை போன்ற சாய்வு வேண்டும். இறக்கிய பாய்மரத்தை முன்னும் நடுவிலும் பின்னும் மூன்று தாங்கிகளில் கிடத்தினால், அதுவே நல்ல முகட்டு விட்டமாகும். இருபுறமும் பாய் செங்குத்தாக இறங்கும் அளவுக்கு முகடு உயரமாக இருக்கட்டும். கூர்மையான விளிம்புகளில் எல்லாம் பழைய கம்பளத் துண்டுகளைச் சுற்றிவிடுங்கள்.

தார்ப்பாயின் ஓரத்துளைகளில் நேரடியாகக் கயிறு கட்டினால் பலத்த காற்றில் அவை கிழிந்துவிடும். பாயின் உட்புறத்தில் ஒரு சிறிய ரப்பர்ப் பந்தை வைத்து, பாயோடு சேர்த்து வெளியிலிருந்து கயிற்றால் கழுத்துப்போல இறுக்கிக் கட்டினால், அந்த முடிச்சு எளிதில் பிய்ந்து வராது. கயிறுகளை டிரெய்லர் சட்டத்தில் இறுக்குங்கள். தளர்ந்து படபடக்கும் பாய், இடையில் புகுந்த மணலோடு சேர்ந்து உப்புத்தாளாகப் படகின் பளபளப்பைத் தேய்த்துவிடும்.

முன்னும் பின்னும் காற்று புகுந்து வெளியேற இடைவெளி விட்டாக வேண்டும். இறுக மூடினால், பகலில் ஆவியாகும் ஈரம் இரவில் உட்கூரையில் துளித்துளியாகப் படியும். உள்ளறையின் பெட்டிகளையும் தரைப்பலகைகளையும் திறந்தே வையுங்கள்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு பெருமழைக்கும் பனிப்பொழிவுக்கும் பிறகு ஒருமுறை படகைச் சுற்றி வாருங்கள். பனியை மண்வெட்டியால் சுரண்டாமல், பாயின் அடியிலிருந்து மென்மையான துடைப்பத்தால் தட்டிச் சரியவிடுங்கள். தளர்ந்த கயிறுகளை இறுக்கி, வடிகால் துளையில் இலை அடைத்திருக்கிறதா என்று விரல்விட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை பேட்டரியின் அளவைச் சோதித்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மீண்டும் மின்னேற்றுங்கள்.