ஓவனுக்குத் தனி, அடுப்புக்குத் தனி

சிங்கப்பூரின் ஈசூனில் நாங்கள் வாங்கிய பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓவனும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே 20 ஆம்பியர் பிரேக்கரில் (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தன. சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். உரிமம் பெற்ற மின்பணியாளர் இணைப்புப் பெட்டியைத் திறந்தார். கம்பியின் உறை பழுப்பேறி இளகியிருந்தது. எனக்குப் பகீரென்றது.

அந்த மின்பணியாளர் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். 230 வோல்ட்டில் 2.8 கிலோவாட் ஓவனுக்கு 12 ஆம்பியர், 7.2 கிலோவாட் அடுப்புக்கு 31. சேர்த்தால் 43. எங்கள் மெயின் சுவிட்சே 40தான்! அடுப்புக்கு 32 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து 6 சதுர மி.மீ. கம்பி இழுத்து, பக்கவாட்டில், கைக்கு எட்டுமிடத்தில் சுவிட்ச் வைத்தார். ஓவனுக்கு 13 ஆம்பியர் பிளக் தனியாக. அடுப்பின் உச்சத் திறனையும் 4.5 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டார். பல அடுப்புகளில் இந்த வசதி உண்டு, வாங்கும்போதே கேளுங்கள்.