அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் மனக்குழப்பம்: குடும்பத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட எண்பது வயதுத் தாயார், மூன்றாம் நாள் மாலையில் தாதியைத் தம் மறைந்த தமக்கை என்று எண்ணிப் பேசுகிறார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கையில் ஏறும் குழாயைப் பிடித்து இழுக்கிறார். பார்க்க வந்த பிள்ளைகள் "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று பேசிக்கொண்டே எம்ஆர்டி ரயில் ஏறிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றுவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றி, காலையில் தெளிந்து இரவில் கூடும் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த தவறு, பழியை உடனே வலி மருந்தின்மேல் போட்டு, மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவிடுவது. மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், டிராமடால் போன்ற வலுவான மருந்துகள் குழப்பத்தை உண்டாக்கக்கூடியவையே. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களின் உடலில் மார்ஃபினின் சிதைபொருள்கள் வெளியேறாமல் தேங்குவதால் அந்த ஆபத்து மேலும் கூடும். ஆனால் அடங்காத வலியும் இதே குழப்பத்தைக் கொண்டுவரும் என்பதைப் பலர் அறிவதில்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சிறுநீர் அடைப்பு, பல நாள் மலச்சிக்கல், உடலில் நீரோ சோடியமோ குறைதல், இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைதல், நாள்தோறும் பழகிய மது அல்லது தூக்க மாத்திரை திடீரென நின்றுபோதல் ஆகிய எதுவும் காரணமாகலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். எது காரணம் என்று படுக்கையருகில் நின்று நாமே தீர்ப்புச் சொல்லாமல், எந்த நேரத்தில், எந்த மருந்துக்கு எவ்வளவு நேரம் கழித்து மாற்றம் தெரிந்தது என்று குறித்துத் தாதியிடம் சொன்னால், மருத்துவர் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி பிறக்கும். காலையில் மருத்துவர் வரும்போது நோயாளி தெளிவாக இருப்பதுண்டு. அப்போது இரவில் நடந்ததைச் சொல்ல உங்கள் குறிப்பு மட்டுமே இருக்கும்.

கூச்சலிடுபவரைக் கவனிக்கும் நாம், பேசாமல் படுத்திருப்பவரை "நன்றாக ஓய்வெடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம். கேட்டால் மெதுவாக விழிப்பது, பாதி வாக்கியத்தில் நிறுத்துவது, தட்டைப் பார்த்தபடி உண்ணாமல் இருப்பது ஆகியவையும் டெலிரியமாக இருக்கலாம். தமிழ் மட்டுமே பேசும் மூத்தோர் விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் தேவை, ஏனெனில் வார்டில் அந்நேரம் பணியிலுள்ள தாதிக்குத் தமிழ் தெரியாவிட்டால், நோயாளி சொல்வது உளறலா உரையாடலா என்று பிரித்தறிய இயலாது. மூக்குக்கண்ணாடியையும் செவிப்புலன் கருவியையும் "தொலைந்துவிடும்" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதும் நம்மவர் வழக்கம். காதும் கண்ணும் மங்கினால் குழப்பம் ஆழமாகும்.

வீடு திரும்பிய பிறகு நேரும் பிழைகளே என்னை அதிகம் அச்சுறுத்துகின்றன. தூக்கம் வரவில்லை என்று பழைய தூக்க மாத்திரையையோ, சளிக்கென வைத்திருக்கும் குளோர்ஃபெனிரமினையோ, உடல்வலிக்கென முன்பு வாங்கிய ஆர்ஃபெனாட்ரின் கலந்த மாத்திரையையோ சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. இவை ஒவ்வொன்றும் தனித்தே முதியவரைக் குழப்பக்கூடியவை, வலி மருந்துடன் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. விழுங்கச் சிரமப்படுகிறார் என்று, நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் ஆக்ஸிகோடோன் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலப்பது அதைவிட மோசம். பல மணி நேரத்தில் இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேர்ந்துவிடும். பணிப்பெண்தான் மருந்து கொடுக்கிறார் என்றால் இதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, மாத்திரைப் பெட்டியிலேயே ஒட்டிவைப்பது நல்லது. விழுங்க முடியாதபோது என்ன செய்யலாம் என்பதை மருந்தாளரிடம் கேளுங்கள்.

தட்டி எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பூத்தால் அது குழப்பத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. அடுத்த வேளை மருந்தைப் பற்றி யோசிக்காமல் உடனே சிங்கப்பூரின் அவசர மருத்துவ வாகன எண்ணான 995ஐ அழைக்க வேண்டும்.