துபாயில் வீடு வாங்கி 10 வருட விசா: பணம் போகும் வழியை முதலில் சரிசெய்யுங்கள்

துபாயில் 20 லட்சம் திர்ஹமுக்கு வீடு வாங்கினால் 10 வருட கோல்டன் விசா கிடைக்கும். எல்லா ஏஜென்ட்டும் இதைச் சொல்வார்கள். அந்தப் பணம் இந்தியாவிலிருந்து எப்படிப் போக வேண்டும் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சிக்கல் அநேகமாக அங்கேதான் வருகிறது.

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது நிலையான மதிப்பு. ஆக 20 லட்சம் திர்ஹம் என்றால் சுமார் 5,44,600 டாலர். இது வீட்டின் விலை மட்டும். இதன் மேல் துபாய் நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4%, அதாவது 80,000 திர்ஹம். ஏஜென்ட் கமிஷன் வழக்கமாக 2%, அதற்கு 5% வாட் சேர்த்து 42,000. பதிவு நடக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,200. டெவலப்பர் தரும் என்ஓசிக்கு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) 500 முதல் 5,000 வரை. எல்லாம் சேர்த்துக் கையில் சுமார் 5.8 லட்சம் டாலர் வேண்டும்.

19 லட்சத்துச் சொச்சத்துக்கு வீட்டைப் பேசி முடித்து, "கட்டணத்தோடு 20 தாண்டிவிட்டதே" என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டணங்கள் கணக்கில் வராது. டைட்டில் டீடில், அதாவது உரிமைப் பத்திரத்தில், இருக்கும் சொத்து மதிப்புதான் பார்க்கப்படும்.

தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் அனுப்பலாம். கணவன் மனைவி இருவரும் அனுப்பினாலும் 5 லட்சம்தான்; வீட்டு விலைக்கே போதாது. அதனால் விவரமான ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் ஒரு பகுதியையும் ஏப்ரலில் மீதியையும் அனுப்பச் சொல்வார்கள். ஏப்ரல் 1 முதல் புது நிதியாண்டு, புது வரம்பு. ஆனால் ரொம்ப முன்கூட்டியே அனுப்பிவிட்டு வீடு தேடக்கூடாது. வெளிநாட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் பணத்தை 180 நாட்களுக்குள் முதலீடு செய்ய வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இருவர் பணமும் போகிறது என்றால் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்கட்டும்.

அனுப்பும்போது வங்கியில் ஏ2 ஃபார்மில் நோக்கக் குறியீடாக எஸ்0005, அதாவது வெளிநாட்டு ரியல் எஸ்டேட் முதலீடு, என்று போட வேண்டும். "குடும்பச் செலவு" என்று போட்டு அனுப்பினால் பின்னால் நோட்டீஸ் வரும்போது சொல்லப் பதில் இருக்காது. புக்கிங் தொகைதானே என்று கிரெடிட் கார்டைத் தேய்ப்பதும் தப்பு. உண்டியல் (ஹவாலா) வழி பற்றிப் பேசவே வேண்டாம். இந்திய வங்கியில் கடன் வாங்கி எல்ஆர்எஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு வருடக்கணக்கில் தவணை கட்டும் திட்டங்களையும், துபாய் வங்கிக் கடனையும், இந்தியாவில் வசிப்பவர் ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) தெரிந்த ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்திடக்கூடாது. முழுப் பணம் கொடுத்துக் கட்டிமுடித்த வீட்டை வாங்குவதே தலைவலி குறைந்த வழி.

டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி, பலரைத் திடுக்கிட வைக்கும். ஒருவர் வருடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி 20% பிடிக்கும். 2 கோடி அனுப்பினால் 1.90 கோடிக்கு 38 லட்சம். இது கூடுதல் வரி அல்ல. வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது ரீஃபண்ட் வாங்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். வீட்டுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து இதை எடுக்க நேர்ந்தால் பதிவு நாளில் பணம் குறையும்.

இனி துபாய் பக்கம். வெளிநாட்டவர் ஃப்ரீஹோல்டு பகுதிகளில்தான் முழு உரிமையோடு வாங்கலாம்: மெரினா, டவுன்டவுன், பிசினஸ் பே, ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள் போன்றவை. நம்மவர்கள் நிறைய இருக்கும் கராமா மாதிரிப் பழைய பகுதிகளில் பெரும்பாலும் கிடைக்காது. வீடு முடிவானதும் ஃபார்ம் எஃப் என்ற விற்பனை ஒப்பந்தம் போட்டு, 10% செக்கை முன்பணமாகக் கொடுப்பது வழக்கம். பிறகு விற்பவர் சர்வீஸ் சார்ஜ் பாக்கியைத் தீர்த்து என்ஓசி வாங்குவார். கடைசியாக டிரஸ்டி அலுவலகத்தில் மேனேஜர்ஸ் செக் (வங்கியே உத்தரவாதம் தரும் செக்) கொடுத்தால் அன்றே டைட்டில் டீட் கைக்கு வரும். அந்தச் செக்குக்கு அங்கே வங்கிக் கணக்கு வேண்டும். விசா இல்லாதவருக்குக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தத் தேதியைக் குறிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கென்றே வந்த சிக்கல் இது. இனிஷியலை விரிக்காமல், சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் நம்மில் பலரிடம் உண்டு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருவதற்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கமும் வந்தது. அதை நம்பிப் போவதைவிட, வீடு வாங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். டைட்டில் டீடில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்றானால் திருத்த அலைச்சல் அதிகம்.

கூட்டாக வாங்கினால் ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியே 20 லட்சம் இருக்க வேண்டும். கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு: திருமணச் சான்றைக் காட்டிச் சேர்த்துக் கணக்கிடலாம். அந்தச் சான்றுக்கு அப்போஸ்டில் (பல நாடுகள் ஏற்கும் பொதுச் சான்றொப்பம்) முத்திரை போதாது. மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகம் என வரிசையாக அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) வேண்டும். இதை வீடு தேடும்போதே தொடங்கிவிடுங்கள்.

பத்திரம் வந்தபின் நிலத்துறை வழியாக விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, கைரேகை, மருத்துவக் காப்பீடு, எமிரேட்ஸ் ஐடி. இதெல்லாம் மளமளவென்று நடக்கும். துணையையும் பிள்ளைகளையும் உங்கள் விசாவிலேயே சேர்க்கலாம். சாதாரண ரெசிடென்ஸ் விசா 6 மாதம் வெளியே இருந்தால் போய்விடும். கோல்டன் விசாவுக்கு அந்தக் கெடு இல்லை. வீட்டை விற்றால் விசாவும் போகும். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோல்டன் விசா வாங்கியதால் மட்டும் நீங்கள் என்ஆர்ஐ ஆவதில்லை. இந்தியாவில் வசிக்கும் வரை துபாய் வாடகையும், விற்றால் வரும் லாபமும் இங்கே வரிக்கு உட்பட்டவை. ஐடிஆர்-2 வருமானவரிப் படிவத்தில், வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்ஏவில் வீட்டைக் காட்ட வேண்டும். அந்த ஷெட்யூலுக்குக் கணக்கு நிதியாண்டு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையான காலண்டர் ஆண்டு. காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் தந்த சலுகை வீடு, நிலத்துக்குப் பொருந்தாது.